பனிமலையின் கருப்பொருள்

எண்பதுகளில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் தொங்கிய நாட்காட்டிகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். முருகனும் இலக்குமியும் இல்லாத சுவர்களில் ஆல்ப்ஸ் மலை இருக்கும். வெண்பனி மூடிய சிகரம், அதன் அடியில் நீல ஏரி, ஏரிக்கரையில் ஒரு மரவீடு. அந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. படத்திலும் ஆள் நடமாட்டம் இராது. பின்னர் திரைப்படம் அப்படத்தை அசையச் செய்தது. 1969இல் வந்த ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ தமிழ் ரசிகனை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றது. அதன்பின் பனிச்சரிவில் மெல்லிய சேலையுடன் நாயகி நடுங்காமல் ஆடுவது ஒரு மரபாகவே நிலைத்துவிட்டது. இந்தியில் இம்மரபை வளர்த்த யஷ் சோப்ராவுக்கு 2016இல் இன்டர்லாகன் நகரில் சிலையும் வைத்தார்கள். அங்கும் ஆடுகிற இருவரைத் தவிர மலையில் வேறு யாரும் இல்லை.

தமிழ்ப் பொருளிலக்கணம் இத்தகைய படத்தை ஏற்றுக்கொள்ளாது. நிலமும் பொழுதும் முதற்பொருள்தான். ஆனால் அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் என்ற கருப்பொருள்கள் சேர்ந்தால்தான் அது திணையாகும். நாட்காட்டி ஆல்ப்ஸில் முதற்பொருள் மட்டுமே உண்டு. நம் மார்கழியும் தையுமாகிய முன்பனிக் காலம்தான் அங்கே பனிச்சறுக்கு விடுமுறையின் உச்சப் பருவம். அந்த விடுமுறையில் காணக் கிடைக்கும் காட்சிகளுக்கும் ‘உள்ளூர்ப் பண்பாடு’ என்று காட்டப்படுவனவற்றுக்கும் பின்னால் உள்ள கருப்பொருளைத் தேடும்போது, எதிர்பாராத இடங்களில் சென்னை குறுக்கிடுகிறது.

விலங்கிலிருந்து தொடங்கலாம். ‘ஆல்ப்’ என்னும் சொல்லுக்கு அம்மலைவாசிகளின் பேச்சில் சிகரம் என்று பொருளில்லை. கோடையில் மாடு மேய்க்கும் உயர்நிலப் புல்வெளி என்றே பொருள். இன்று பனிச்சறுக்குத் தடங்களாக இருக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை கோடைக்கால மேய்ச்சல் நிலங்களே. குளிர்காலத்தில் விருந்தினர் சறுக்கும் அதே இடத்தில் ஆறு மாதம் கழித்துப் பசு மேயும். இலையுதிர் காலத்தில் மாடுகளுக்குப் பூச்சூட்டி, பெருமணி கட்டி ஊருக்கு இறக்கிக் கொண்டுவருவது பெருவிழா. இம்மேய்ச்சல் மரபை 2023இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. மாட்டுப் பொங்கலை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மணிதான் அவர்களுடைய பறை. எங்காடின் பள்ளத்தாக்கில் ஒவ்வோராண்டும் மார்ச் 1ஆம் நாள் சிறுவர்கள் மாட்டுமணிகளை ஆட்டியபடி தெருத்தெருவாகச் சென்று குளிர்காலத்தை விரட்டுகிறார்கள். ‘சலந்தமார்ஸ்’ என்பது விழாவின் பெயர். பெயர் ரொமான்ஷ் மொழியைச் சேர்ந்தது. இலத்தீனிலிருந்து கிளைத்த அச்சிறு மொழியை 1938இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தங்கள் நான்காவது தேசிய மொழியாகச் சுவிஸ் மக்கள் ஏற்றார்கள் என்பதை, மொழிப்போர் கண்ட மாநிலத்தவராகிய நாம் சற்று நின்று கவனிக்கலாம். சிறிய மணி கிடைத்ததால் மனம் நொந்த ஒரு சிறுவன், பெரிய மணி தேடிப் பனியில் தனியே மலைக்குடிலுக்கு ஏறிச்செல்லும் கதையைச் சொல்லும் ‘ஷெல்லன் உர்ஸ்லி’ என்ற சிறுவர் நூல் 1945இல் வெளிவந்தது. சென்னையிலும் அதன் புறநகர்களிலும் போகி விடியலில் சிறிய மேளம் கிடைத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே விளங்கும்.

இனி, தொழில். விடுமுறைக்காரர்களுக்கு யாரும் எளிதில் சொல்லாத பகுதி இது. சுற்றுலா வருவதற்கு முன் ஆல்ப்ஸ் என்றால் பசி. ஒரு குறுகிய கோடையின் புல்லும் பாற்கட்டியும் குடும்பத்தின் எல்லா வயிறுகளுக்கும் போதவில்லை. டிரோல், ஃபோரார்ல்பெர்க், கிரௌபுண்டன் பகுதிகளின் ஏழைச் சிறுவர்கள் வசந்த காலந்தோறும் பனிக் கணவாய்களை நடந்தே கடந்து, தென் ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதிக்கு வேலைக்குப் போனார்கள். ராவென்ஸ்பர்க், ஃபிரெடரிக்ஸ்ஹாஃபென் ஊர்களில் பிள்ளைச் சந்தைகளே கூடின. பண்ணையார்கள் அங்கு வந்து மாடுமேய்க்கச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துச் சென்றனர். இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது. சுவிட்சர்லாந்துக்குள்ளேயே ஏழைகளின் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் பண்ணைகளில் ஒப்பந்தக் கூலிகளாக விடப்பட்டனர். அதற்காக அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல்தான். நாட்காட்டியின் மரவீட்டிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் இவர்கள்.

இந்தப் பசியின் மேல்தான் விடுமுறை வந்து அமர்ந்தது. 1863இல் தாமஸ் குக் தம் முதல் சுற்றுலாக் குழுவைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அது கோடைப் பயணம். மறு ஆண்டு செயின்ட் மோரிட்ஸில் விடுதி நடத்திய யோகன்னஸ் பத்ருட், ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தினர்களிடம், “குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நானே தருகிறேன்” என்று பந்தயம் கட்டியதாக ஒரு கதை வழங்குகிறது. 1865 முதல் டாவோஸில் காசநோயாளிகள் குளிர்காலத்திலும் தங்கத் தொடங்கினர். தாமஸ் மன்னின் ‘மாய மலை’ நாவல் (1924) அந்த மருத்துவ விடுதிகளில் பிறந்தது. ஆயினும் இவர்களில் யாரும் சறுக்கவில்லை. சறுக்குக் கட்டை நார்வேயிலிருந்து பின்னரே வந்தது. 1894இல் ஆர்தர் கானன் டாயில், டாவோஸைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்களுடன் கணவாயைக் கடந்து அரோசாவுக்குச் சறுக்கிச் சென்று, அதைப் பத்திரிகையில் எழுதினார். பனிச்சறுக்குக்காக ஆங்கிலேயர் நூற்றுக்கணக்கில் வரும் காலம் வரும் என்ற அவருடைய கணிப்பு பலித்தது. பலிக்க வைத்தவர்களில் முதன்மையானவர் சென்னையிலிருந்து திரும்பிப் போன ஒருவர்.

ஹென்றி லன் என்னும் மெதடிஸ்ட் போதகர், மருத்துவமும் படித்தவர், 1887இல் சமயப் பணிக்காக மதராசுக்கு வந்தார். அவருடைய மகன் ஆர்னால்ட் லன் 1888 ஏப்ரலில் மதராசில் பிறந்தார். உடல்நலம் கெட்டு அதே ஆண்டில் தந்தை இங்கிலாந்து திரும்பினார். திரும்பியவர், இந்தியாவில் மிஷனரிகள் துரைமார்களைப் போல வசதியாக வாழ்வதாகவும் மக்களிடமிருந்து விலகி நிற்பதாகவும் எழுத, மெதடிஸ்ட் திருச்சபையில் பெரும் விவாதம் கிளம்பிற்று. பிறகு, பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒன்றுசேர்ப்பது பற்றிப் பேச 1892இல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் மாநாடு கூட்டினார். திருச்சபைகள் ஒன்றுசேரவில்லை, ஆனால் அத்தனை பேருக்குப் பயணமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்த அனுபவம் ஒரு சுற்றுலா நிறுவனமாக வளர்ந்தது. 1905இல் அவர் தொடங்கிய சங்கம், உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் அவர்களை ஒத்தவர்களுக்கும் மட்டுமே உரியது. குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் விடுதிகளை முழுமையாக வாடகைக்கு எடுத்து, அச்சங்கத்தவர் தங்களுக்குள்ளேயே இருந்துகொள்ள வழிசெய்தார். மக்களிடமிருந்து விலகி நிற்பதைக் கண்டித்தவர் விலகி நிற்பதையே விற்பனைப் பொருளாக்கினார் என்பது வரலாற்றின் குறும்பு. 1910-11 குளிர்காலத்தில், அதுவரை கோடையில் மட்டும் ஓடிய முர்ரென் கிராமத்து ரயிலை இயக்கச் செய்து, அந்த ஊரையும் விருந்தினருக்குத் திறந்துவிட்டார்.

மகன் வேறு வகை. 1909இல் வேல்ஸ் மலையொன்றில் விழுந்து கால் நொறுங்கியது. ஒரு கால் குட்டையாகிப் போன நிலையிலேயே கடைசிவரை மலையேறினார், சறுக்கினார். 1911 ஜனவரியில் மொன்டானாவில் அவர் ஏற்பாடு செய்த சரிவுப் பந்தயத்துக்குக் கோப்பை தந்தவர் லார்டு ராபர்ட்ஸ். 1880இல் காபூலிலிருந்து கந்தகாருக்குப் படை நடத்திப் பெயர்பெற்ற இந்த ராபர்ட்ஸ், அடுத்த ஆண்டு முதல் 1885வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதி. பூந்தமல்லியும் பரங்கிமலையும் வெள்ளைச் சிப்பாய்களின் பாளையங்களாக இருந்த காலம் அது. அவருடைய பட்டப்பெயரால் பந்தயமும், 1924இல் முர்ரெனில் தொடங்கிய சங்கமும் ‘கந்தகார்’ என்றே அழைக்கப்பட்டன. ஆப்கானியப் பாலைநில நகரமொன்றின் பெயரைப் பனிச்சறுக்கு வீரர்கள் இன்றும் உச்சரிக்கிறார்கள். 1922இல் முர்ரெனில் ஆர்னால்ட் லன் வகுத்த விதிகளின்படி நடந்ததே நவீன ‘ஸ்லாலம்’ போட்டிக்கு முன்னோடி. 1931இல் முதல் உலகப் போட்டி அதே கிராமத்தில் நடைபெற்றது. 1936இல் ஆல்ப்ஸ் வகைச் சறுக்கு ஒலிம்பிக்கில் நுழைந்தது. சங்கத்தவர் 1928இல் பதினேழு பேரோடு தொடங்கிய ‘இன்ஃபெர்னோ’ பந்தயம் இப்போது அவ்வூரின் திருவிழா. அதையொட்டி ஊர்வலமும் பேய்ப் பொம்மை எரிப்பும் உண்டு. மதராசில் பிறந்தவர் கொண்டுவந்த விளையாட்டு உள்ளூர்ப் பண்பாடாக மாற நூறாண்டு கூடத் தேவைப்படவில்லை. (பாற்கட்டியை உருக்கி ரொட்டியைத் தோய்த்துத் தின்னும் ‘ஃபோண்டு’ கூட, 1930களில் பாற்கட்டி விற்பனைச் சங்கம் செய்த விளம்பரத்தால்தான் தேசிய உணவாயிற்று.)

மலைக்கு விருந்தினரை ஏற்றியது ரயில். 1871இல் ரிகி மலையில் பற்சக்கரப் பாதை அமைத்த நிக்லாஸ் ரிக்கன்பாக், 1880களில் நீலகிரிக்கும் ஒரு திட்டம் தந்தார். அது கைகூடவில்லை. அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறையில்தான் 1899இல் குன்னூர்வரையும் 1908இல் உதகைவரையும் ரயில் ஏறிற்று. அதில் ஓடிய நீராவி எஞ்சின்களில் புகழ்பெற்றவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. அங்கே இந்தப் பாதைகளை வெட்டியவர்கள் பெரும்பாலும் மலைவாசிகள் அல்லர். இத்தாலியிலிருந்து வந்த கூலிகள். கோத்தார்டு சுரங்கப் பணியில் 1875இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியதில் நால்வர் இறந்தனர். 1912இல் 3,454 மீட்டர் உயரத்தை எட்டிய யுங்ஃபிராவ் பாதையும் அவர்களுடைய உழைப்பே. இன்று நம் சுற்றுலாக் குழுக்கள் தவறாமல் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது.

நம் பக்கத்துக்கும் அந்தத் தொழில் வந்து சேர்ந்தது. அம்பத்தூருக்குக் கிழக்கே வில்லிவாக்கத்தை ஒட்டி நிற்கும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, சூரிச்சை அடுத்த ஷ்லீரன் நகரத்து நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் நிறுவப்பட்டது; 1955 அக்டோபர் 2இல் நேரு திறந்து வைத்தார். அங்கு வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே பரவிக் குடியேறின. 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னாட்டின் முதல் ரயில் சென்ற அதே தடத்தில்தான் இவ்வூர்கள் எல்லாம் இருக்கின்றன. ஷ்லீரன் தொழிற்சாலை 1985இல் மூடப்பட்டது. அதன் வடிவமைப்பிலிருந்து வளர்ந்த பெட்டிகளைப் பெரம்பூர் 2018 ஜனவரிவரை செய்துகொண்டிருந்தது. நாட்காட்டியில் பனிமலையைப் பார்த்து வியந்த நம் ஊர்க்காரர்கள், சுவிஸ் மூளையும் பெரம்பூர்க் கையும் சேர்ந்து செய்த பெட்டியில் அரைத் தூக்கத்தில் நின்றபடி பயணம் செய்தவர்கள்.

இத்தாலியருக்குப் பின் விடுதிகளின் சமையற்கட்டுகளுக்கு வந்தவர்களில் தமிழரும் உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஏதிலிகளாகச் சென்றவர்கள் முதலில் ஏற்ற வேலை பெரும்பாலும் பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதும்தான். வெப்ப நாட்டவர் இந்தக் குளிரைத் தாங்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பேச்சுகளுக்கு நடுவே அவர்கள் நிலைத்தார்கள். இன்று அந்நாட்டில் இலங்கைத் தமிழ் வழியினர் ஏறத்தாழ 50,000 பேர். நம் கணவனும் மனைவியும் தேனிலவுக்குப் போய் அமரும் உணவு மேசைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் கதவுக்கும் இடையே பத்தடி தூரம்தான். இருபுறமும் பேசப்படுவது ஒரே மொழியாக இருக்கக்கூடும். பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

பனியே குறைந்துகொண்டிருக்கிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. தாழ்வான ஊர்களில் இயந்திரம் கொண்டு பனி செய்து சரிவில் கொட்டுகிறார்கள்.

தெய்வம் ஒன்று எஞ்சியிருக்கிறது. பெர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில், பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை ஆகியவற்றோடு ஒரே கூரையின்கீழ் ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கிறது. வழிபாடு தமிழில் நடக்கிறது. மலையடிவாரத்து ஐன்சீடெல்ன் மடாலயத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களோடு சைவர்களும் யாத்திரை போகிறார்கள். அங்குள்ள மாதாவின் முகம் கறுப்பு. காலத்துக்கேற்ப அவளுக்குப் பட்டாடை மாற்றுவார்கள்.