பாஸ்ராவின் சொட்டு நீலம்

ஊறுகாய் ஜாடியைப் பீங்கான் என்கிறோம். சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே 'பிங்கான்' என்றால் கிண்ணம். சரக்கு சீனத்தது, பெயர் மட்டும் பாரசீகம். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூப்போட்ட தட்டைப் பார்த்தால் இது சீனத்துச் சாமான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். அந்த நீலத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனாலோ, வழி இராக்கின் பாஸ்ராவில் போய் நிற்கிறது.

பாக்தாதில் கலீஃபா ஹாரூன் அல்-ரஷீத் ஆண்ட காலம் (786–809). குராசான் ஆளுநர் அலி இப்னு ஈசா அவருக்கு அனுப்பிய காணிக்கையில் சீன அரசவைப் பீங்கான் 20 உருப்படி இருந்ததாம். அதுபோல ஒன்றை அந்த அரண்மனை அதுவரை பார்த்ததில்லை. கூடவே சாதாரணப் பீங்கான் 2,000. பதினோராம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் பைஹகி. சீனத்துக்குக் கப்பலில் போய்வந்த வணிகர்களின் செய்திகளை 851இல் தொகுத்த ஓர் அரபு நூலும் வாய் பிளக்கிறது: மண்ணால் செய்த கிண்ணம்தான், ஆனாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிகிறதே!

அரண்மனையில் இருப்பது ஊருக்கெல்லாம் வேண்டும் என்றால் யாராவது போலி செய்துதானே ஆக வேண்டும்? பாஸ்ராக் குயவர்கள் இறங்கினார்கள். அவர்களிடம் சீனத்து வெண்களிமண் இல்லை. பீங்கானை வேகவைக்க வேண்டிய 1,300 டிகிரிச் சூட்டுக்கு அவர்கள் சூளையும் ஏறாது. கையில் இருந்ததோ மஞ்சள் பூத்த வண்டல் மண். அதிலேயே சீனக் கிண்ணத்தின் வடிவத்தை வனைந்தார்கள். மெருகுப் பூச்சில் வெள்ளீயத்தைக் கலந்து, மண்ணின் நிறம் துளியும் தெரியாதபடி மூடினார்கள். சுண்ணாம்பு அடித்த மண்சுவர் மாதிரி, வெளியே பால்வெள்ளை, உள்ளே பழைய மண்தான்.

போலியை அத்துடன் விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வெள்ளை அவர்களுக்குக் காகிதம்போலத் தெரிந்திருக்க வேண்டும். கோபால்ட் கலந்த நீலத்தால் அதன்மேல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கிண்ணம் இருக்கிறது. ஒரு சாண் அகலம். நடுவில் 'கிப்தா' என்ற அரபுச் சொல் இரண்டு முறை, பொருள், மகிழ்ச்சி. எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இல்லை. சூளைச் சூட்டில் நீலம் வெள்ளைக்குள் கசிந்திருக்கிறது, ஈர வேட்டியில் சொட்டு நீலம் பரவுவதுபோல. குயவருக்கு அது குறையாகப் பட்டதோ என்னவோ, எனக்கு அந்தக் கசிவுதான் அழகு.

இந்த ஓடுகளைப் பேர்வாங்க வைத்தது சாமர்ரா. 836 முதல் 892 வரை கலீஃபாக்களின் தலைநகரம். 1911–13இல் தொல்லியலாளர் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அங்கே தோண்டியபோது சீன அசலும் இராக்கியப் போலியும் சேர்ந்தே கிடைத்தன.

அடுத்த சாட்சி கிடைத்தது இந்தோனேசியக் கடலடியில். 1998இல் பெலிதுங் தீவருகே கடலட்டை பிடிக்க மூழ்கியவர்கள் பானைக் குவியலில் இடித்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல். நம் கரையின் மசூலாப் படகைப் போல ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்தது. சீனத்திலிருந்து மேற்காசியாவுக்குப் புறப்பட்ட சரக்கு, சுமார் 60,000 உருப்படி. சாங்ஷா ஊர்க் கிண்ணங்களைப் பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். கிண்ணம் ஒன்றில் பொறித்திருந்த தேதி 826ஐக் குறிக்கிறது. இத்தனைக்கும் நடுவே மூன்றே மூன்று தட்டுகள், வெள்ளையில் நீலம்! முழுதாகக் கிடைத்த சீன நீலவெள்ளையில் இவையே மிகப் பழையவை. மேலே இருப்பதோ இராக்கியக் கிண்ணங்களில் காணும் சாய்சதுரக் கோலம். யாரைப் பார்த்து யார் போட்டார்கள்? வாங்குகிறவன் ரசனைக்கு விற்கிறவன் வளைந்துகொடுத்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கடல்வழியில் பாரசீக வளைகுடாவின் சிராஃப் ஒரு முனை. நடுவே இலங்கையின் மாந்தை. அங்கேயும் சீன ஓடும் மேற்காசிய ஓடும் ஒரே அகழ்வில் வந்திருக்கின்றன.

சீனாவில் அந்த நீலம் பிறகு ஏறக்குறைய மறந்தேபோனது. அதை மறுபடி எழுப்பியது மங்கோலியர் ஆட்சி. சீனமும் ஈரானும் ஒரே குடும்பத்தின் கைக்கு வந்ததும் ஈரானிய ருசி, மேற்காசிய கோபால்ட் எல்லாம் கிழக்கே போயின. ஈரானின் காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் தொழில் ரகசியங்களை எழுதிவைத்தார்: பொடித்த குவார்ட்ஸ் பத்துப் பங்கு, கண்ணாடித்தூள் ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு. பீங்கானைப் பிடிக்க மறுபடி ஒரு முயற்சி! நீலக் கல் பக்கத்துக் கம்சார் கிராமத்து மலையில் கிடைக்கிறது, சுலைமான் நபியே கண்டுபிடித்தார் என்று ஊரார் சொல்கிறார்கள் என்றும் குறிக்கிறார்.

பதினான்காம் நூற்றாண்டில் சீனத்து ஜிங்டெஜன் சூளைகள் அசல் பீங்கானில் அந்த நீலத்தைத் தீட்டின. பலர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் முஸ்லிம் விருந்துகளுக்கு ஏற்ற அகலத் தட்டுகளாகச் செய்து அனுப்பின. பின்னாளில் சீனர் அந்த இறக்குமதிச் சாயத்துக்கு வைத்த பெயரே முஸ்லிம் நீலம்தான். 1611இல் ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் அர்தபில் தர்காவுக்குக் கொடுத்த சீனப் பீங்கான் ஆயிரத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி நீலவெள்ளை.

பாஸ்ராவின் வெள்ளீயப் பூச்சு இன்னொரு திசையில் நடந்தது. வட ஆப்பிரிக்கா, முஸ்லிம் ஸ்பெயின், இத்தாலி, ஆன்ட்வெர்ப் என்று நூற்றாண்டுகள் கடந்து டச்சு ஊரான டெல்ஃப்டுக்கு வந்து சேர்ந்தது. 1603இல் சிங்கப்பூர் அருகே போர்த்துகீசியக் கப்பல் 'சாந்தா கத்தரீனா'வை டச்சுக்காரர்கள் மடக்கினார்கள். அதிலிருந்த பீங்கானெல்லாம் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. ஆசை பிடித்துக்கொண்டது. 1644இல் மிங் வம்சம் கவிழ, சீனச் சரக்கு வரத்து சுருங்கியது. டெல்ஃப்டில் அப்போது பீர் ஆலைகள் நொடித்துக்கொண்டிருந்தன. காலியான கட்டடங்களில் குயவர்கள் குடியேறினார்கள். வெண்களிமண் இவர்களிடமும் இல்லை. மஞ்சள் மண்ணை வனைந்து, வெள்ளீயத்தால் மூடி, மேலே நீலத்தில் சீனக் காட்சிகளை வரைந்து, கூசாமல் 'போர்சலின்' என்றே விற்றார்கள். பல பட்டறைகளுக்குப் பழைய பீர் ஆலையின் பெயரே நிலைத்தது.