இரண்டு கொடிகள், ஒரே பனித்தளம்

2014 பிப்ரவரி 15, சோச்சி ஒலிம்பிக். ஆண்கள் 1000 மீட்டர் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங்கில் ரஷ்யாவுக்குத் தங்கம் வென்றவர் குனிந்து பனித்தளத்தை முத்தமிட்டார். பெயர் விக்டர் ஆன். எட்டு வருடங்களுக்கு முன் டூரினில் இதே பந்தயத்தில் தங்கம் வென்றபோது அவர் தென்கொரியாவின் ஆன் ஹியூன்-சூ.

ஷார்ட் டிராக்கில் ஒரு சுற்று 111.12 மீட்டர். நாலைந்து பேர் முண்டியடித்துக்கொண்டு ஓடுவார்கள். எத்தனை நொடி ஆச்சு என்பது முக்கியமில்லை, முதலில் கோட்டைத் தொடணும். ஆன் பெரும்பாலும் பின்னாலேயே வருவார். கடைசிச் சுற்றுகளில் இடைவெளி பார்த்துப் பாய்வார். 2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள். டூரினில் மட்டும் மூன்று தங்கம், ஒரு வெண்கலம்.

2008 ஜனவரியில் பயிற்சியின்போது மோதி முழங்கால் உடைந்தது. வான்கூவர் ஒலிம்பிக்குக்கான தேர்வில் தேறவில்லை. 2010 கடைசியில், அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்த சோங்னாம் நகராட்சி அணியும் கலைக்கப்பட்டது. 2011-இல் ரஷ்யா போனார், குடியுரிமை பெற்றார். கொரிய வம்சாவளி ராக் பாடகர் விக்டர் த்சோயின் நினைவாக விக்டர் ஆனார்.

சோச்சியில் மறுபடி மூன்று தங்கம், ஒரு வெண்கலம். கொரிய ஆண்கள் அணிக்கு ஒரு பதக்கமும் இல்லை. கொரியர்களின் கோபம் தங்கள் ஸ்கேட்டிங் சங்கத்தின் மேல் திரும்பியது. கோஷ்டிச் சண்டைதான் அவரை விரட்டியது என்றார்கள். அதிபர் பார்க் குன்-ஹேயே அந்தக் கேள்வியை எழுப்பினார். கோஷ்டிகள் இருந்தது உண்மை. டூரின் சமயத்தில் ஆன் பெண்கள் அணியின் பயிற்சியாளரிடம்தான் பயிற்சி எடுத்தார். ஆனால் ஆன் சொன்ன காரணம் எளிமையானது: தொடர்ந்து விளையாடணும்.

எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. கொரியத் தேர்வுமுறை கறாரானது. போன ஒலிம்பிக்கின் தங்கத்துக்கு அங்கே சலுகை கிடையாது, அடுத்த பையன் வரிசையில் தயாராக நிற்பான். ஆனை உருவாக்கியது அந்தக் கறார்தான். முழங்கால் உடைந்தவனுக்காக ரெண்டு வருஷம் காத்திருக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

2018-இல் ஒலிம்பிக் கொரியாவுக்கே வந்தது. ரஷ்ய ஊக்கமருந்து விவகாரத்தை அடுத்துத் தயாரான அழைப்புப் பட்டியலில் ஆன் பெயர் இல்லை, மேல்முறையீடும் தள்ளுபடி. 2022-இல் சீன அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தார். மறு வருடம் சோங்னாம் நகராட்சி அணி பயிற்சியாளர் தேடியபோது விண்ணப்பித்தார். ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றவரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.