மனசுக்கு ஒரு கட்ட நோட்டு

குறிகளை வைத்துச் சுருக்கமாக நாட்குறிப்பு எழுதும் ‘புல்லட் ஜர்னல்’ முறை பிறந்தபோது அதில் வண்ணமே கிடையாது. அதை உருவாக்கிய ரைடர் கரோல், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த வடிவமைப்பாளர். கவனக்குறைவுக் கோளாறு அவருக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. நீளமாகக் குறிப்பெடுப்பது சரிப்படாததால் தனக்கென்று சில குறிகளை வைத்துக்கொண்டார். செய்யவேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்துவிட்டால் அதன் மேலேயே ஒரு பெருக்கல் குறி. அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டால் ஓர் அம்புமுனை. கல்யாண வேலைகளில் திணறிய அலுவலகத் தோழி ஒருவருக்கு இதைக் காட்டப்போக, எல்லோருக்கும் சொல்லிக்கொடு என்று அவர் பிடித்துக்கொண்டார். 2013-இல் கரோல் இதை இணையத்தில் வெளியிட்டார்.

வண்ணம் சேர்த்தவர்கள் பயன்படுத்தியவர்கள்தான். நோட்டுப் பக்கங்களை இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்ததும் ஸ்கெட்ச் பேனாக்கள் வந்து சேர்ந்தன; அழகுப் போட்டியும் கூடவே வந்தது. அந்தக் கூத்தில் உருப்படியாகத் தேறியது, கமீல் என்ற பிரெஞ்சுப் பெண் பரப்பிய ‘இயர் இன் பிக்சல்ஸ்’. குறுக்கே 12 மாதம், நெடுக்கே 31 நாள். மொத்தம் 372 கட்டங்கள். பிப்ரவரி 30 போன்ற இல்லாத ஏழு தேதிகளை அடித்துவிட்டால் 365. படுக்கப்போகுமுன் அன்றைய மனநிலைக்கு உரிய வண்ணத்தை ஒரு கட்டத்தில் தீட்டவேண்டும். எந்த உணர்வுக்கு எந்த வண்ணம் என்பது அவரவர் இஷ்டம். மஞ்சள் ஒருவருக்கு மங்களம், இன்னொருவருக்குக் காமாலை!

மனநிலையை இப்படிக் குறித்துவைப்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. எமில் கிரெப்ளின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர், நோயாளிகளுக்கு எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வந்ததை நூறாண்டுக்கு முன்பே ஆண்டுவாரியாக வரைபடமாக்கினார். அங்கே கணக்கெழுதியவர் மருத்துவர், இங்கே அவரவரே.

ஆனால் வண்ணம் மட்டும் போதாது என்பது என் கட்சி. அன்று மனசு எப்படி இருந்தது என்றுதான் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: ‘தூக்கமில்லை’, ‘அண்ணனோடு சண்டை’. விட்டுப்போன நாளை ஊகித்து நிரப்பாதீர்கள். இன்றைய மனநிலை நேற்றைக்கும் சாயம் பூசிவிடும். சோர்வின் நிறமே இரண்டு வாரம் தொடர்ந்து விழுந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.