கோவைக் குற்றாலமும் சிறுவாணித் தண்ணீரும்

கோயம்புத்தூரில் யாரிடமாவது ஒரு நாளில் போய்த் திரும்பி வருகிற மாதிரி இடம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், யோசிக்காமல் வருகிற பதில் கோவைக் குற்றாலம். பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை என்று ஊர்களைத் தாண்டி, இருட்டுப்பள்ளத்தில் பூண்டிக்குப் பிரிகிற சாலையை விட்டுவிட்டு மேற்கே போனால் சாடிவயல் சோதனைச்சாவடி. நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பைக்கோ காரோ அங்கேயே நின்றுவிட வேண்டும். பைகளைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, வனத்துறை வண்டியில் கொஞ்ச தூரம், அப்புறம் காட்டுக்குள் நடை. யானை நடமாட்டம் இருந்தாலோ மழையில் வெள்ளம் வந்தாலோ கதவை மூடிவிடுவார்கள். இதெல்லாம் போய் வந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

போய்க் குளித்துவிட்டு வருகிறவர்கள் சொல்கிற ஒரு வாக்கியத்தில்தான் கதையே இருக்கிறது. "சிறுவாணித் தண்ணியில குளிச்சாச்சு!"

உண்மையில் அது சிறுவாணித் தண்ணீர் இல்லை!

இந்த அருவிக்குச் சிறுவாணி அருவி என்றும் ஒரு பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. 'குற்றாலம்' என்பதும் தென்காசிப் பக்கத்திலிருந்து கடன் வாங்கிய பெயர்தான். (பெயர் விஷயத்தில் கோவை அருவிகளுக்கு ராசி அப்படி. நரசிபுரத்துக்கு மேலே இருக்கிற அருவிக்கு, 1984-ல் வெளியான 'வைதேகி காத்திருந்தாள்' படம் அங்கே எடுக்கப்பட்டதால் வைதேகி அருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது.) சிறுவாணி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் விழுகிற தண்ணீர் நொய்யலுக்குப் போகிறது. கோவைக் குற்றாலத்தில் தலையில் கொட்டுவது அதுதான். சிறுவாணி ஆறு இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அது அட்டப்பாடி வழியாக ஓடி பவானியில் கலக்கிறது. ஒரே மலை, இரண்டு சரிவு, இரண்டு ஆறு. மேற்கே ஓடுகிற அந்த ஆறு கிழக்கே இருக்கிற கோவையின் குழாயில் எப்படி வந்தது என்பதுதான் இந்த ஊரின் பெரிய வரலாறு.

நூறு வருடத்துக்கு முன் கோவை குடிதண்ணீருக்குக் கஷ்டப்பட்ட ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் மழை குறைவு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. இன்றைக்கும் கோவை வீடுகளில் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். 1866-ல் நகராட்சி வந்தது, அதற்குப் பின் பஞ்சாலைகளும் வந்தன, தண்ணீர் மட்டும் வரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் ஊரைச் சூறையாடியது. கோவையில் இன்றும் அங்கங்கே பிளேக் மாரியம்மன் கோவில்கள் இருக்கின்றன. நோயின் பெயரையே சாமிக்கு வைத்துக் கும்பிடுகிற அளவுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது.

இந்த நிலைமையில் மலைக்கு அந்தப் பக்கம் கண்ணை வைத்தவர் சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு. 'கோயமுத்தூர் கலாநிதி' பத்திரிகை நடத்தியவர். 1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர். 1880களின் கடைசியில் சிறுவாணிக் காட்டுக்குள் போய், முத்திக்குளம் என்ற இடத்து அருவியைப் பார்த்து, இந்தத் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று சொன்னவர் இவர். சாலை கிடையாது, வனத்துறை வண்டி கிடையாது, அட்டையும் யானையும் மட்டும் உண்டு! அதாவது நிஜமான சிறுவாணி அருவி அந்த முத்திக்குளம் அருவிதான். டிக்கெட் வாங்கிப் போகிற கூட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள்.

சொன்னது நடக்கச் சுமார் நாற்பது வருடம் ஆனது. 1920களில் நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் திட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். ஆற்றில் சிறிய அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, தண்ணீரைக் கிழக்குப் பக்கம் திருப்பினார்கள். 1929-ல் கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஆர்.எஸ். புரத்தில் காபி குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆர்.எஸ். என்பது இரத்தினசபாபதி என்று தெரியுமோ!

அன்றைக்கு இதில் மாநிலத் தகராறு எதுவும் எழவில்லை. காரணம் எளிது: கோயம்புத்தூர் மாவட்டமும் சரி, அட்டப்பாடி இருந்த மலபார் மாவட்டமும் சரி, இரண்டுமே சென்னை மாகாணம். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது, அதோடு ஆறும் போனது. குடிக்கிறவர்கள் ஒரு மாநிலம், ஊற்று இன்னொரு மாநிலம். ஊர் பெருத்துப் பழைய அணை போதாமல் போனதும் 1973-ல் இரண்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அணையைக் கேரளம் கட்ட வேண்டும், செலவு தமிழ்நாட்டுடையது, ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர் கோவைக்கு, காலம் 99 ஆண்டுகள். இப்போதுள்ள அணை 1984-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இது ஒரு நீண்ட காலக் குத்தகை மாதிரிதான். பணம் போட்டவர் ஒருவர், சொத்து இன்னொருவர் பெயரில். அப்படிப்பட்ட கணக்கில் உரசல் வராமல் இருக்காது. அணையில் எத்தனை அடி வரை தேக்குவது என்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேச்சாகிறது. 2016-ல் அட்டப்பாடியில் இன்னொரு அணை கட்டுவதாகக் கேரளம் சொன்னபோது கோவையில் போராட்டம் வெடித்தது. ஒப்பந்தம் முடிவது 2070களில். இன்று கல்லூரியில் படிக்கிறவர்கள் அப்போது எழுபது வயதை நெருங்கியிருப்பார்கள்.

சரி, அருவித் தண்ணீர் என்ன ஆகிறது? அது நொய்யலாகிப் பேரூர் பட்டீசுவரர் கோவிலைத் தாண்டி வருகிறது. வாய்க்கால் வெட்டிக் கிருஷ்ணாம்பதி, உக்கடம், சிங்காநல்லூர் என்று குளம் குளமாக நிரப்பிக் கொங்கு நாட்டை வாழவைத்தது இந்த ஆறுதான். சென்னிமலைப் பக்கத்தில் இதன் கரையில் இருக்கிற கொடுமணலில், சங்க காலத்திலேயே கல்மணி செய்து வணிகம் நடத்தியதற்கு அகழாய்வுச் சான்று கிடைத்திருக்கிறது. அதே ஆற்றில் திருப்பூர் சாயக்கழிவு கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது.

சிறுவாணிக்காகக் கொடி பிடிக்கிற ஊர் நொய்யலை எப்படி இப்படி விட்டது என்று கேட்கலாம். குழாயில் நல்ல தண்ணீர் வந்த பிறகு பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் தயவு வீடுகளுக்குத் தேவைப்படவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலையைக் குடைந்து கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீர் வீடுகளில் குடித்து, குளித்து, பாத்திரம் கழுவி முடிந்ததும் சாக்கடை வழியாகப் போய்ச் சேருகிற இடம் நொய்யல்தான். அருவியில் தண்ணீர் வற்றிப்போகிற கோடையில் நகரத்துக்குள் நொய்யலில் கறுப்பாக ஓடுவதில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர். பெயரை மாற்றிச் சொன்னவர்களுக்கு அங்கே மட்டும் அது சரியாகிவிடுகிறது.