பத்தொன்பது இன்ச் என்பது எதன் அளவு?

என் முதல் மவுண்டன் பைக்கை அரை நிமிடத்தில் தேர்ந்தெடுத்தேன். கோவையில் ஒரு கடை. "காலை அந்தப் பக்கம் போட்டு நில்லுங்ணா. பார் இடிக்குதுங்களா?" என்றார் கடைத்தம்பி. இடிக்கவில்லை. "அப்ப இதான் உங்க சைஸுங்ணா. பத்தொன்பது." என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். சீட்டுக்குக் கீழே 19 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை எழுதியவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மண் சரிவில் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து விழுந்தேன். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இறங்கும்போது உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தள்ள முடியவில்லை. ஹேண்டில்பார் அவ்வளவு தூரத்தில் இருந்தது, கைகள் முழுக்க நீண்டுகிடந்தன. சீட்டையாவது இறக்கலாம் என்றால் டியூப் அதற்கு மேல் இடம் தரவில்லை. கட்டுப்போட்ட கையோடு வீட்டில் கிடந்த ஆறு வாரமும் ஒரே கேள்விதான்: அந்த 19 எதை அளந்த 19?

பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட் கம்பி நுழையும் வாய் வரை உள்ள டியூபின் நீளம். அவ்வளவுதான். அதாவது அது காலுக்கான அளவு. கைக்கும் முதுகுக்கும் அதில் பதில் கிடையாது. அந்தக் கால் அளவுகூட ஒரே மாதிரி எடுக்கப்படவில்லை. ஒரு கம்பெனி பாரின் நடுமையம் வரை அளக்கும், இன்னொன்று பாரின் மேல்விளிம்பு வரை, மற்றொன்று டியூபின் வாய் வரை. ஒருவர் 18 என்பதை இன்னொருவர் 19 என்பார்.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் இந்த ஒற்றை எண் போதுமானதாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு சக்கரமும் ஒரே அளவான, வைர வடிவ ஃப்ரேம் கொண்ட சைக்கிள் நிலைபெற்றது. இரும்புக் குழாய்களை 'லக்' எனப்படும் உலோகக் கூடுகளில் செருகிப் பற்றவைத்தார்கள். கூட்டின் கோணம் வார்ப்பிலேயே முடிவாகிவிடும். மேல் பார் தரைக்கு இணையாக நேராகப் போகும். ஆகவே சீட் டியூப் உயர்ந்தால் மற்றவையும் ஓரளவு ஒழுங்கான விகிதத்தில் கூடவே வளரும். இங்கிலாந்துக்காரர்கள் இன்ச்சில் சொன்னார்கள், இத்தாலிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சென்டிமீட்டரில். காலின் உள்நீளத்தை 0.65-ஆல் பெருக்கினால் ஃப்ரேம் அளவு வரும் என்றொரு வாய்ப்பாடு 1980களில் சாலைப் பந்தயக்காரர்களிடம் புழங்கியது. கால் தெரிந்தால் ஆள் தெரிந்த மாதிரி.

நம் ஊருக்கு வந்ததும் அந்த ஆங்கிலேய எண்தான். 22 இன்ச், 24 இன்ச் ஃப்ரேம்களோடு வந்த கறுப்பு சைக்கிளில் நம் அப்பாக்கள் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். பார் மேல் கால் போட எட்டாத பையன் முக்கோணத்துக்குள் காலை விட்டு மிதித்தான். கை எப்படி வளைந்தது, இடுப்பு எப்படிக் கோணியது என்று யார் கேட்டார்கள்? கால் எட்டினால் பெரியவனாகிவிட்டான். இப்போது நம் கடைகளில் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே. "இருபத்தாறு இன்ச் சைக்கிள்" என்பார்கள், அது சக்கரத்தின் அளவு.

மவுண்டன் பைக்கின் கதை தொடங்குவது சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டியில். 1970களில் அங்கே சில இளைஞர்கள் ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற பழைய பருமன் டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைப்பாதைகளில் உருட்டிவிட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கருகே முதல் ரீபேக் பந்தயம். சுமார் மூன்று கிலோமீட்டரில் நானூறு மீட்டர் இறக்கம். ஒருமுறை இறங்கினால் பின்சக்கர பிரேக்குக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பெயர் வந்தது அப்படித்தான். கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது அங்கே சாதனை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய இரும்பில் அளவைத் தேர்ந்தெடுக்கும் ஆடம்பரம் ஏது? கிடைத்ததே அளவு. ஆனால் அந்தக் கிழட்டு ஃப்ரேம்களின் முன்பகுதி சாய்வாக இருந்தது, சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம். சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இறங்கினால் ஆளைக் கவிழ்க்காது. 1977-இல் ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே புதிதாக ஒரு ஃப்ரேமைக் கட்டியபோது அந்த வடிவத்தைத்தான் பின்பற்றினார். அந்த முதல் ப்ரீஸர் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிட்சி கட்டிய ஃப்ரேம்களை விற்கத் தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர், ஜப்பானில் மொத்தமாகச் செய்யப்பட்டு, கடைக்கு வந்தது.

கடைக்கு வந்ததும் ஸ்டிக்கரும் வந்தது. விற்பவர்களுக்குத் தெரிந்திருந்தது சாலை சைக்கிளின் கணக்கு. அதையே கொஞ்சம் வெட்டினார்கள்: உங்கள் சாலை ஃப்ரேமைவிட மூன்று நான்கு இன்ச் குறைவாக வாங்குங்கள், பாருக்கும் தொடை இடுக்குக்கும் நடுவே இரண்டு இன்ச்சாவது இடைவெளி இருக்கட்டும். காட்டில் திடீரென்று இறங்கி நிற்க வேண்டிவரும், பார் எங்கே இடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நியாயமான கவலைதான். ஆனால் வடிவமும் சாலைப் பக்கமே நகர்ந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் முன்கோணம் 71 பாகை, சீட் கோணம் 73, ஹேண்டில்பாரை முன்னால் நீட்டும் ஸ்டெம் 120 மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். ஏற்றத்தில் சுகம். இறக்கத்தில் முகம் முன்சக்கரத்துக்கு மேலே.

பிறகு லக் போய் நேரடி வெல்டிங் வந்தது. பாரை எந்தச் சாய்விலும் வைக்கலாம் என்றானது, அது பின்னோக்கித் தாழ்ந்தது. என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். பார் தாழ்ந்த பிறகு காலை அகட்டி நிற்கும் சோதனையில் ஏறக்குறைய எல்லா சைஸும் தேறிவிடும். கடைத்தம்பி பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வி காலாவதியாகியிருந்தது.

சீட்டின் பங்கு தனி. இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த வசதியாக ஜோ ப்ரீஸே 1980களில் ஜாஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து ஹைட் ரைட் என்ற ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார். 2000களில் ஹேண்டில்பாரிலிருந்தே பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்கும் ட்ராப்பர் போஸ்ட் பரவியது. அது முழுசாக இறங்க வேண்டுமென்றால் சீட் டியூப் குட்டையாக இருக்க வேண்டும். குட்டையாக்கினார்கள். அத்தோடு பழைய எண்ணின் உயிர் போயிற்று. கால் கணக்குப்படி ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சைஸ் பொருந்தும் என்றானபின், நீளத்தைப் பார்த்துத்தானே எடுக்க வேண்டும்?

நீளத்துக்கான அளவு வேறொரு இடத்திலிருந்து வந்தது. 2000களின் தொடக்கத்தில் டான் எம்ப்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், டிரையத்லான் சைக்கிள்களுக்காக இரண்டு எண்களைப் பிரபலப்படுத்தினார். பெடல் அச்சிலிருந்து ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். சீட் எங்கே இருந்தாலும் இவை மாறாது. மலையில் முக்கால்வாசி நேரம் பெடல் மேல் நின்றுகொண்டுதானே இறங்குகிறோம்? தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே கேரி ஃபிஷர் பாரை நீட்டி ஸ்டெம்மைக் குறைத்துப் பார்த்திருந்தார். ஸ்பெயினின் மொண்ட்ராகர் 2012 வாக்கில் ரீச்சை வெகுவாகக் கூட்டி, ஸ்டெம்மை 10 மில்லிமீட்டர் வரை சுருக்கியது. முதலில் சிரித்தார்கள், பிறகு மற்றவர்களும் அந்தப் பக்கமே நகர்ந்தார்கள். ஸ்பெஷலைஸ்டு சில மாடல்களில் ஸ்மால், மீடியம் என்பதையே விட்டுவிட்டு எஸ்2, எஸ்3 என்று நீளத்தை வைத்து வரிசைப்படுத்தியது.

கடந்த மாதம் மறுபடி வாங்கப்போனேன், வேறு கடை. கையில் ஒரு டேப், அட்டவணையை நம்பும் நிலையில் நான் இல்லை. முன்சக்கரம் சுவரைத் தொடும்படி சைக்கிளை நேராக நிறுத்தச் சொன்னேன். சுவரிலிருந்து பெடல் அச்சின் மையம் வரை ஒரு அளவு, சுவரிலிருந்து ஹெட் டியூபின் உச்சி மையம் வரை இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ரீச். லார்ஜில் 462 வந்தது, மீடியத்தில் 436. பிறகு மீடியத்தில் சீட்டை அடி வரை இறக்கிப் பார்த்தேன். முழுசாக இறங்கியது. பெடல் மேல் நின்று பின்னால் சாய்ந்தேன், முழங்கையில் இன்னும் மடக்கு மிச்சம் இருந்தது.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த பையன் கேட்டான்: "அண்ணா, எல்லாரும் ஆளைத்தான் அளப்பாங்க. நீங்க என்னங்ணா சுவத்தை அளக்கறீங்க?"

சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினேன். அவன் டேப்பை வாங்கிக்கொண்டு, ஓரத்தில் நின்ற தன்னுடைய சைக்கிளைச் சுவரோரம் உருட்டிவந்தான்.