மரக்கட்டையில் தொடங்கிய 'லாக் இன்'

வங்கிச் செயலியோ ரயில் முன்பதிவுத் தளமோ, எதைத் திறந்தாலும் முதலில் கேட்பது 'லாக் இன்' செய்யச் சொல்லித்தான். இந்த 'லாக்' பள்ளியில் நாம் புரட்டிய லாக் டேபிளின் உறவு அல்ல. ஜான் நேப்பியர் 1614-இல் கணக்குக்குத் தந்த அந்த லாக், கிரேக்க வேரிலிருந்து வந்தது. திரையில் நிற்கும் லாக் அசல் மரக்கட்டை. கடலில் எறிந்த கட்டை.

நடுக்கடலில் போகும் கப்பலின் வேகத்தை எதை வைத்து அளப்பது? ஆங்கில மாலுமிகள் ஒரு கட்டையில் கயிற்றைக் கட்டிக் கப்பலின் பின்புறம் போட்டார்கள். கட்டை நீரில் நின்றுவிடும், கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். வில்லியம் போர்ன் 1574-இல் எழுதிய கடலோடிக் கையேட்டிலேயே இந்த முறை இருக்கிறது. பின்னாளில் கட்டை மெலிந்து கால்வட்டப் பலகையானது. அது நீரில் செங்குத்தாக நிற்பதற்காக வளைந்த விளிம்பில் ஈயம் பதித்தார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் கையை உரசிக்கொண்டு எத்தனை முடிச்சுகள் ஓடினவோ, அத்தனை 'நாட்' வேகம். ஜெட் விமானத்தின் வேகத்தைக்கூட இன்றும் அந்த முடிச்சுக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

எண்ணியதைச் சாக்கட்டியால் பலகையில் குறித்து, பிறகு ஏட்டில் ஏற்றினார்கள். அதுதான் 'லாக் புக்'. காற்று, திசை, புயல், மரணம் எல்லாமே அதில் ஏற ஏற, 'லாக்' என்றாலே 'பதிவு செய்' என்றாகிவிட்டது. கப்பலைப் பார்த்து விமானிகளும் பறந்த மணிகளை 'லாக்' செய்தார்கள்.

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைக் காட்டினார்கள். கணினி நேரம் அன்று அரிய பொருள். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் தருவார்கள். வந்ததைப் பதிந்தால் 'லாக் இன்', போவதைப் பதிந்தால் 'லாக் அவுட்'. வினையோடு ஒட்டிய ஒரு சின்ன 'இன்', பதிவேட்டை வாசற்கதவாக்கிவிட்டது.

கதவு வந்ததும் திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. 1962-இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிடும்படி ஒரு துளை அட்டையில் கட்டளை கொடுத்தார். கணினியும் அச்சிட்டுத் தந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியில் சொன்னார்.

1969 அக்டோபர் 29 இரவு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தியாக அனுப்ப முயன்றதும் இதே சொல்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து சார்லி கிளைன் 'லாகின்' என்று தட்டத் தொடங்கினார். எல், ஓ என்ற இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முழுச் சொல்லும் போனது.

கட்டையின் வம்சம் அதோடு நிற்கவில்லை. 1997-இல் ஜோர்ன் பார்கர் 'வெப்லாக்' என்றார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக வெட்டியதில் 'பிளாக்' பிறந்தது. அதைப் பார்த்து 'விளாக்' வந்தது.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். செயலைச் சொல்கையில் 'லாக்', 'இன்' இரண்டும் தனித்தனிச் சொற்கள். இறந்தகாலம் 'லாக்டு இன்'. சேர்த்து 'லாகின்' என்று எழுதினால் அது பெயர்ச்சொல். 'லாகின்டு' என்றொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை.