கோதமை கேட்ட உயிர்

வீட்டில் ஒருவர் மறைந்துவிட்டால், அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றோ, விண்மீனாகிவிட்டார் என்றோ குழந்தைக்குச் சொல்லிப் பேச்சை மாற்றுவது பெரியோர் வழக்கம். மரணத்தைக் குழந்தையின் முன் மாயக்கதையாகவேனும் எடுத்துரைக்கும் துணிவு மேலைநாட்டார்க்கே உரியது என்று கருதுவோரும் உளர்.

மேலைநாட்டில் அவ்வகைக் கதைகள் சிறந்து வளர்ந்தன என்பதில் ஐயமில்லை. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜே. எம். பாரிக்கு ஆறு வயதாகும்போது, 1867இல், அவருடைய அண்ணன் பனிச்சறுக்கு விபத்தில் மாண்டான். இறந்த மகன் என்றென்றும் சிறுவனாகவே இருப்பான் என்பதில் தாய் ஆறுதல் தேடினாள். வளர மறுக்கும் பீட்டர் பேன் 1904இல் மேடையேறியபோது அத்துயரின் நிழல் அதில் படிந்திருந்தது. சி. எஸ். லூயிஸ் ஒன்பது வயதில், 1908இல், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1955இல் அவர் வெளியிட்ட நார்னியாக் கதையொன்றில், சாகக் கிடக்கும் தாய் மாயக்கனியை உண்டு பிழைக்கிறாள். தமக்குக் கிட்டாததைக் கதைச் சிறுவனுக்கு அளித்தார் எனலாம்.

ஆயின் இவற்றுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் 1898இல் அதனைப் பதிப்பித்தார். சீத்தலைச் சாத்தனார் அதனைச் சிறுவர்க்கென இயற்றவில்லை. எனினும் பறந்து செல்லும் தெய்வமும் மாயத்தீவும் வற்றாத பாத்திரமும் நிறைந்த அந்நூல், தந்தை கோவலனை இழந்த ஓர் இளம்பெண்ணின் கதையே ஆகும். பெற்றோர் உற்ற துயர் கேட்டு அவள் வடித்த கண்ணீர், தொடுத்துக்கொண்டிருந்த மாலையை நனைத்துவிடுகிறது. புதுமலர் கொய்ய உவவனம் செல்கிறாள். ஆங்கே தெய்வம் சொல்லும் கதைதான் கோதமையின் கதை.

சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சிய சிறுவன் சார்ங்கலன் உயிர் துறக்கிறான். தாய் கோதமை அவன் உடலைச் சுமந்து சென்று, நள்ளிரவில் சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தரவேண்டும், அவனேனும் கண்ணற்ற தந்தையைக் காப்பான் என்கிறாள். இயலாது என்கிறது தெய்வம். கோதமை நம்பவில்லை. உடனே பிரமரும் இருசுடரும் உள்ளிட்ட அண்டத்துத் தேவர் அனைவரையும் அவள் முன் வரவழைக்கிறது சம்பாபதி. ஒருவராலும் அவ்வரம் தர முடியவில்லை.

இங்கேதான் சாத்தனார் லூயிஸினின்றும் வேறுபடுகிறார். அண்டத்தையே திரட்டிக்காட்டும் மாயம் மாண்டவனை மீட்பதற்கன்று. மீட்க இயலாது என்பதைத் தாயின் கண்முன் மெய்ப்பிப்பதற்கே. கடுகு கேட்டு வீடுதோறும் அலைந்த கிசா கோதமியின் கதையை பினாங்குப் பௌத்தர் பலர் அறிவர். 1803 முதல் இங்கே பர்மியக் கோயில் நிலைபெற்றுள்ளது. சாவில்லாத வீடொன்றும் இல்லை என்று அவள் உணர்ந்தாள். இருவர் பெயரும் ஒத்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தமிழ்க் கோதமையோ மகனை ஈமத்திலிட்டுத் தானும் இறந்துபடுகிறாள். சிறுவர்க்கு உரைக்கும் ஆசிரியர் தயங்கி நிற்கும் இடம் இதுவே, தயங்குவதில் தவறுமில்லை.

இக்கதையைக் கேட்டபின் தோழி சுதமதி உறங்கிப்போகிறாள். மணிமேகலையைத் தெய்வம் மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே அவளுக்கு அமுதசுரபி கிட்டுகிறது. தந்தை மீளவில்லை, பசித்தோர் வயிறு நிறைகிறது. அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. கடலில் கணவன் மாண்டான் எனக் கேட்டுத் தீயில் இறங்கி, தீயும் சுடாது விட மீண்டவள் அவள்.